தூங்கி விழும் கோழி

ராமநாதபுரம் கடலோரக் கிராமங்களில் கால்நடை மருத்துவராக வேலை பார்க்கிறேன். ஐப்பசி பிறந்ததும் எங்கள் பக்கம் பறவைகள் வந்து இறங்க ஆரம்பிக்கும். தனுஷ்கோடியில் பூநாரைகள், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களில் வாத்துகளும் நாரைகளும். பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் அந்த மாதங்களில்தான் எந்த வீட்டிலாவது கோழி செத்ததா என்று விசாரித்துக்கொண்டே திரிவேன்.

பறவைக் காய்ச்சல் வைரஸ் காலங்காலமாகக் குடியிருப்பது நீர்ப்பறவைகளிடம். காட்டு வாத்தைப் பார்த்தால் பல சமயம் நோய் இருப்பதே தெரியாது. எச்சத்திலும் எச்சிலிலும் மட்டும் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் அது பல நாள் அழியாமல் கிடக்கும். அதே கண்மாய்க் கரையில்தான் நம் கோழியும் கிளறுகிறது. அதற்காகப் பறவைகள் மேல் மட்டும் பழியைப் போடுவது எனக்கு ஒப்பாது. ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்கு நோயைக் கொண்டுபோவது பெரும்பாலும் நாம்தான்: முட்டை அட்டை, கோழிக்கூண்டு, வண்டிச் சக்கரம், எச்சம் ஒட்டிய செருப்பு.

இந்தியாவில் இது முதலில் உறுதியானது 2006இல், மகாராஷ்டிராவின் நவாப்பூர் கோழிப்பண்ணைகளில். 2014இல் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதி வாத்துகளில் வந்தது. அதன் பிறகும் அங்கே பலமுறை திரும்பி வந்துவிட்டது.

எங்கள் ஊர்களில் கூப்பிட்டுப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல் என்ற வேறொரு கோழி நோயாகத்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒருமுறை ஒரு அப்பத்தா பஞ்சாரத்தைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு பெட்டை, கொண்டை கருநீலமாகி, முகம் வீங்கிக் கிடந்தது. கால் செதில்களுக்கு நடுவே ரத்தப் பொட்டுகள். பக்கத்தில் இன்னொன்று கண்ணை மூடித் தூங்கி விழுந்துகொண்டிருந்தது. கையுறையும் முகக்கவசமும் போட்டு மாதிரி எடுத்தேன். இப்படிச் சந்தேகம் வந்தால் மாதிரி போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகம் வரை போக வேண்டும்.

“செத்தா வீணாப் போயிரும்னு ஒண்ணை நேத்தே அறுத்துட்டேன் தம்பி. கொதிக்கிற குழம்புல எந்தக் கிருமி நிக்கும்?” என்றார் அப்பத்தா.

குழம்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். 70 டிகிரி சூட்டில் நன்றாக வெந்த கறியில் இந்த வைரஸ் மிஞ்சாது. ஆபத்து எல்லாம் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால். கழுத்தை அறுக்கும்போது தெறிக்கும் ரத்தம், வெந்நீரில் முக்கி இறகு பிடுங்குவது, குடலை உருவுவது. அந்தக் கையோடு கண்ணைத் தேய்ப்போம், மூக்கைத் துடைப்போம். நோய்ச் செய்தி பேப்பரில் வந்தால் கறிக்கடைக்கு ஆள் வராது, விலை படுத்துவிடும். கொல்லையில் சீக்குக் கோழியை உரிக்கும் பெண்ணையும், இறகை வைத்து விளையாடும் பிள்ளையையும் ஒருவரும் நினைப்பதில்லை. இதுதான் என்னை உறுத்துகிறது.

மனிதருக்கு இது லேசில் தொற்றாது, ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதும் அபூர்வம். ஆனால் தொற்றினால் நுரையீரலின் ஆழத்தைத் தாக்கும். 1997இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். 2021இல் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் டெல்லியில் இறந்தான்.

கோழி தூங்கி விழுந்த அன்றே எங்களிடம் ஏன் சொல்வதில்லை? சொன்னால் ஊர்க்கோழியை எல்லாம் கொன்றுவிடுவார்கள் என்ற பயம். பயம் நியாயம்தான், நோய் உறுதியானால் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழி, வாத்துகளை அழிப்பார்கள். அப்பத்தாவுக்கு அந்த நாலு கோழிதான் பேத்திக்குச் சீர் செய்யக் கைக்காசு. ஆனால் அழிக்கப்படும் கோழிக்கு அரசு இழப்பீடு உண்டு, தானாகச் செத்ததற்குக் கிடையாது. மறைத்தால் நஷ்டம் அவருக்குத்தான். இதைத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்கிற வேலையை, ஊசி போடுகிற வேலைக்குக் குறைந்ததாக நான் நினைப்பதில்லை.

அப்புறம் ஒன்று கட்டாயம் சொல்லிவிட்டு வருவேன். சீக்குக் கோழியைத் தொட்ட பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு எது வந்தாலும், ஆஸ்பத்திரியில் கோழியைத் தொட்ட கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த வைரஸுக்குக் கொடுக்கும் ஓசெல்டமிவிர் மருந்தை, காய்ச்சல் கண்ட முதல் 2 நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும். நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டர் அதைச் சாதாரண சளிக்காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்வார்.