பக்கத்து ஊரில் தனியாக இருப்பது

பாளையங்கோட்டைக்குத் தனியாகக் குடிவந்து ஒரு மாதம் முடிந்துவிட்டது. மகாராஜநகர் பக்கம் ஒரு மாடி வீட்டின் கீழே ஒற்றை அறை, மூலையில் சமையல் மேடை, புறவாசலில் குளியலறை. வாடகை 4,500 ரூபாய். வேலை வண்ணார்பேட்டையில், ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில். சொந்த ஊர் அம்பை என்கிற அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். பஸ் மாறி, கொஞ்சம் நடந்து, வீட்டு வாசலை மிதிக்க இரண்டு மணி நேரம் ஆகும். தூரம் அவ்வளவுதான். அதனால்தான் இதை எழுதவே தோன்றியது.

சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிற பிள்ளையை ஊரில் யாரும் எதுவும் கேட்பதில்லை. வேலை அங்கே இருக்கிறது, அங்கே தங்குகிறாள், சரி என்று விட்டுவிடுவார்கள். என்கூடப் படித்தவர்கள் சோழிங்கநல்லூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பதை எங்கள் தெருவில் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். நான் பாளையங்கோட்டையில் தங்கப்போகிறேன் என்றதும் அதே தெருவில் முகம் மாறியது. “ஏன் பிள்ள, பஸ்சுதான் எந்நேரமும் இருக்குல்லா, செங்கோட்டை பாசஞ்சர் வேற ஓடுது, போய்ட்டு வந்துரலாம்லா?” என்று பெரியம்மா கேட்டாள். அத்தை ஒருபடி மேலே போய், அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, “வீட்டுல எதும் சண்டையாட்டி?” என்று விசாரித்திருக்கிறாள். தூரமாகப் போனால் பிழைக்கப் போனவள், பக்கத்தில் போனால் வீட்டை விட்டுப் போனவள். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எல்லாருக்கும் நான் சொன்ன காரணம் ஜிஎஸ்டி. அது பொய் இல்லை. மாதம் பிறந்தால் 11-ம் தேதிக்குள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதிக்குள் வரி கட்டுவதற்கான ஜிஎஸ்டிஆர்-3பி, இரண்டையும் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் விழ ஆரம்பித்துவிடும், வட்டி தனி. ஆனால் வியாபாரிகள் பில்லையெல்லாம் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து இறங்குவது முந்தின நாள் சாயங்காலம்தான். இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு வேலை முடிந்து புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அம்பை பஸ்ஸைப் பிடித்தால், அம்பையில் இறங்கும்போது எங்கள் ஊருக்குப் போகிற கடைசி டவுன் பஸ் போயிருக்கும். அப்பா சைக்கிளோடு வந்து பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டு நிற்பார். அவருக்கு மறுநாள் விடியற்காலையில் வயலுக்குப் போக வேண்டும்.

ஆனால் அந்தத் தேதிகளே இல்லையென்றாலும் நான் வந்திருப்பேன். இதை வீட்டில் இன்னும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். தினமும் நாலு மணி நேரத்தை ரோட்டில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால், சாப்பிட்டுப் படுக்கிறவளாக மட்டும்தான் இருந்தேன். சம்பளத்தை அம்மா கையில் கொடுத்து, பஸ்ஸுக்கு அவளிடமே வாங்கிக்கொண்டு, இன்றைக்கு என்ன சாப்பாடு என்பதிலிருந்து எந்தச் சுடிதார் என்பதுவரை எல்லாம் எனக்கு முன்னாலேயே முடிவாகி இருக்கும். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை, அன்பாகத்தான் செய்தார்கள். இருந்தாலும் இருபத்திமூன்று வயதில் ஒரு வீட்டை நான் நடத்திப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது ஒன்றும் பெரிய குற்றமில்லை.

வீடு தேடியதுதான் இதில் மோசமான பகுதி. “தனியா பொம்பளப்பிள்ளைக்குக் கொடுக்கிறதில்ல” என்று வாசலிலேயே சொன்னவர்கள்கூடப் பரவாயில்லை, நேரமாவது மிச்சம். அறையைத் திறந்து காட்டி, வாடகை பேசி, தண்ணீர் எப்போது வரும் என்பதெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் மெதுவாக, “நீங்க என்ன ஆளுக?” என்று கேட்டவர்கள் உண்டு. படித்தவர்கள், நல்ல வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். கல்லூரிகள் நிறைந்த ஊர், தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊர் இது. அந்தக் கேள்வி வந்த இடத்தில் நான் பதில் சொல்லவில்லை, வெளியே வந்துவிட்டேன். கூட வந்த அப்பா எதுவும் பேசவில்லை. தெருமுனைக்கு வந்ததும், “இந்த வீடு வேண்டாம்மா” என்று மட்டும் சொன்னார். அப்பா மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்கு இன்னும் கூடியது.

இப்போது இருக்கிற வீட்டில் மாடியில் வீட்டுக்கார ஆச்சி மட்டும்தான். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “எம்மா, நைட்டு எத்தன மணிக்கு வருவ?” வேலையைப் பற்றிச் சொன்னேன், 11, 20 இரண்டு தேதியையும் சொன்னேன். பத்து மணிக்கு கேட்டைப் பூட்டுவது வழக்கம் என்றார்கள், ஆனால் மறுநாளே ஒரு மாற்றுச் சாவி செய்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சாவிக்காகவே இந்த வீட்டில் எத்தனை வருஷமும் இருக்கலாம்.

வாடகைக்குப் போகிற பிள்ளைகளுக்கு உபயோகப்படும் என்பதால் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். கரண்ட் மீட்டர் தனியா, பொதுவா என்று முதலிலேயே கேளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் என்றால் அந்தச் சலுகை நமக்கு நேராகக் கிடைக்கும். வீட்டுக்காரரோடு பொது மீட்டர் என்றால் யூனிட்டுக்கு அவர் சொல்வதுதான் விலை. ஒரு ஃபேன், ஒரு டியூப் லைட், ஃபோன் சார்ஜர் வைத்திருக்கிற ஆளுக்கு அந்த வித்தியாசம் பெரிது. அடுத்தது அட்வான்ஸ். 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. வாயால் பேசிக்கொண்டு போகாமல் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது கோபித்துக்கொள்வார்களோ என்று நினைத்தேன். “நீயே எழுதிட்டு வாம்மா, நான் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுதேன்” என்றார்கள். படித்துப் பார்த்து இரண்டு எழுத்துப்பிழையையும் திருத்தினார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். எனக்கு இந்த மாதத்தில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

வீட்டில் எப்போதும் அம்பை 16 அரிசிதான். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986-ல் வெளிவந்த ரகம், குட்டையாக, தடியாக இருக்கும். இங்கே அண்ணாச்சி கடையில் கேட்டதும், “இட்லிக்கா, சோத்துக்கா?” என்றார். சோற்றுக்குத்தான் என்றதும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “அம்பையாம்மா?” என்று கேட்டார். வெளியூரில் ஒருவர் ஊரைக் கண்டுபிடித்த சந்தோஷம் அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க இருந்தது.

ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது தனி வேலை. அம்மா வடிக்கிற பானையில் சோறு கழுத்துவரை நிற்கும், மூடியைப் பிடித்துக் கவிழ்த்தால் கஞ்சி மட்டும் இறங்கும். அரை உழக்கு அரிசியில் அது நடக்காது, கவிழ்த்ததும் சோறு முழுக்க மூடியில் வந்து விழும். அதனால் சின்னப் பானையாக ஒன்று வாங்கி, தண்ணீரைத் தாராளமாக வைத்து, அரிசி வெந்து விரலில் நசுங்கும்போதே அடுப்பை அணைத்து, கரண்டியால் மேல்கஞ்சியை மொண்டு டம்ளரில் எடுத்துவிடுகிறேன். மிச்சத்தை அப்படியே மூடி வைத்தால் பத்து நிமிஷத்தில் சோறு அதை இழுத்துக்கொள்ளும். கஞ்சியில் உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, சூடாகக் குடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. இந்த முறையை யாரும் சொல்லித் தரவில்லை. சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு வேலைக்கு என் வழி என்று ஒன்று இருப்பது எனக்கு இதுதான் முதல்முறை.

காய்க்கு மகாராஜநகர் உழவர் சந்தை. காலையில் ஆறரைக்குள் போய்விட்டால் கூட்டமும் இருக்காது, காயும் வாடியிருக்காது. விலைப் பலகை பார்த்து வாங்குகிற பழக்கம் அங்கேதான் வந்தது. கால் கிலோ வெண்டைக்காய், ஒரு துண்டு தடியங்காய், இரண்டு வாழைக்காய், அரை மூடித் தேங்காய், நாலு நாளைக்குப் போதும். அலுவலகத்துக்கு இலவச டவுன் பஸ்ஸில் போய்வருகிறேன். 2021-ல் அது வந்தபோது நான் படித்துக்கொண்டிருந்தேன், என் மாதக் கணக்கில் ஒரு வரியையே அது எடுத்துவிடும் என்று அப்போது நினைக்கவில்லை.

வேலை விஷயமாக திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் போகிற நாளில் கொக்கிரகுளத்தில் பாலத்தைத் தாண்ட வேண்டும். அது சுலோசன முதலியார் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவர், தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது, 1843-ல் திறந்தார்கள். நெல்லையும் பாளையங்கோட்டையும் எதிரெதிர்க் கரையில்தான், ஆனாலும் அதற்கு முன்னால் ஆற்றைத் தாண்டுவதற்குப் படகுக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு வருகிற அதே தாமிரபரணிதான். ஆனால் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு முங்கிக் குளித்த எனக்கு, இங்கே சாக்கடை கலப்பதைப் பார்த்த பிறகு காலை நனைக்கக்கூட மனம் வரவில்லை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு மாதிரி இருக்கும். ஊரில் அந்த நேரத்தில் அம்மா வாசல்படியில் தலையை வைத்துப் படுத்திருப்பாள், பக்கத்து வீட்டில் டிவி ஓடும், யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இங்கே ஃபேன் சத்தம் மட்டும்தான். அந்த நேரத்தில் வீட்டுக்கு ஃபோன் செய்வதில்லை என்று வைத்திருக்கிறேன், குரலில் தெரிந்துவிடும். ஐந்து மணி வாக்கில் கிளம்பி வ.உ.சி. மைதானத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடிப் பழகுவார்கள், வயதானவர்கள் நடப்பார்கள். இருட்டுவதற்குள் மனசு சரியாகிவிடும்.

இந்த மாதத்தில்தான் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. சின்ன வயதிலிருந்தே வருஷாவருஷம் காலையில் பஸ் ஏறி வந்து, ரதவீதியில் நெரிசலில் நின்று வடத்தைத் தொட்டுக் கும்பிட்டு, ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். இந்த வருஷம் அம்மாவும் அப்பாவும் தேர் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார்கள்.

முந்தின நாளே தொலி உளுந்து, அதாவது கறுப்புத் தோலோடு இருக்கிற உளுந்து, வாங்கி வைத்திருந்தேன். உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல். மிக்ஸி இன்னும் வாங்கவில்லை, புறவாசலில் கிடந்த ஆச்சியின் அம்மியைக் கழுவி அதில்தான் அரைத்தேன். வறுத்த எள்ளை அம்மியில் வைத்து இழுக்கும்போது எண்ணெய் விட்டுக்கொண்டு குழவியில் ஒட்டும். விரலால் வழித்து வழித்து, புளியும் வத்தலும் சேர்த்து, கடைசியில் பூண்டை நசுக்கி. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த ஆச்சி, “எனக்கும் ஒரு உருண்டை எடுத்து வையி” என்றார்கள்.

அம்மா அறைக்குள் வந்ததும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். ஒரே ஒரு நாற்காலி, அதில் அப்பா. பாயை விரித்துப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அடுப்புப் பக்கம் வந்து கரண்டியை எடுக்கப் போனாள், “நீ இரும்மா” என்று சொல்லிவிட்டேன். கையை இழுத்துக்கொண்டாள். தட்டில் நான் பரிமாற, அவள் குனிந்து சாப்பிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்லா இருக்கு என்றுகூட. ரெண்டாவது தடவை தட்டை என் பக்கம் நகர்த்தினாள். எனக்கு நினைவு தெரிந்து அம்மா யார் பரிமாறியும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, கல்யாண வீட்டைத் தவிர. நான் இங்கே வராமல் இருந்திருந்தால் என் கையால் அவள் அப்படிச் சாப்பிட்டிருக்க வாய்ப்பே இல்லை. வீட்டில் அடுப்பு அவளுடையது, நானும் விடச்சொல்லிக் கேட்டதில்லை.

கிளம்பும்போது அம்மா, பெரியம்மா கேட்டதை நினைவுபடுத்தி, “என்ன சொல்லட்டும்?” என்றாள். நான் யோசிப்பதற்குள் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, “அங்க இருக்கா, நல்லா இருக்கான்னு சொல்லு” என்றார்.

அடுத்த மாதக் கணக்கு போட்டாகிவிட்டது. வாடகை போக, வீட்டுக்கு அனுப்புவது போக, மிக்ஸிக்கு இரண்டு தவணையாக எடுத்து வைக்க வேண்டும். மாலையில் படிக்க இப்போது இரண்டு மணி நேரம் கிடைக்கிறது, சிஎம்ஏ என்கிற கணக்கியல் படிப்புக்கான புத்தகத்தை மறுபடி எடுத்திருக்கிறேன். கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் ஒரு தோழிக்கு இங்கே ஒரு லேபில் வேலை கிடைத்திருக்கிறது, ஷிப்ட் வேலை. அவள் வீட்டிலும் பஸ் இருக்கிறதே என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவள் அம்மாவிடம் நான் பேசினேன், ஆச்சியையும் பேச வைத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் அம்மாவும் வருகிறார்கள், பெருமாள்புரத்தில் இரண்டு வீடு பார்க்கப் போகிறோம். மீட்டர் தனியா என்று நான் ஏற்கெனவே கேட்டு வைத்துவிட்டேன்.