காதில் தண்ணீர் போனதாலா?

"குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போயிருக்கும், டாக்டர்." காதைப் பிடித்து இழுத்து அழும் குழந்தையோடு கிளினிக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். செவிப்பறை ஓட்டையில்லாமல் இருந்தால் குளித்த தண்ணீர் அதற்குப் பின்னால் இருக்கும் நடுக்காதுக்குப் போகவே முடியாது. நடுக்காதில் தொற்று உண்டாக்கும் கிருமி ஏறும் வழி மூக்கு. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாக, ஏறத்தாழ படுத்தவாக்கில் இருக்கும். சளி பிடித்ததும் அது வீங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் கோத்து, சீழாகும். 6 மாதத்திலிருந்து 2 வயதுக்குள்தான் இந்தத் தொல்லை அதிகம்.

"பால் எப்படிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டால் "மடியில் வைத்துத்தான்" என்று பதில் வரும். "ராத்திரிப் பாலை யார் கொடுப்பது, எங்கே வைத்து?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். தொட்டிலில் மல்லாந்து கிடக்கும் பிள்ளை, பக்கத்தில் சுருட்டிய துண்டு, அதன்மேல் முட்டுக்கொடுத்த பால் போத்தல். விழுங்காத பால் தொண்டையின் பின்னால் தேங்கி அந்தக் குழாய்க்குள் ஏறிவிடும். தலையை உயர்த்திப் பிடித்துக்கொடுத்தால் போதும். இதைப் பாட்டிக்கும் பணிப்பெண்ணுக்கும் நேரிலேயே செய்துகாட்ட வேண்டும். அம்மாவிடம் மட்டும் சொல்லியனுப்பினால் பாதிதான் வீடு போய்ச் சேரும்.

காதுத் தொற்றைக் கூட்டும் இன்னொன்று புகை. அந்த விஷயமும் இப்படித்தான். "வீட்டில் யாரும் பிடிப்பதில்லை" என்பார்கள். தாத்தா புளோக்குக்குக் கீழே போய்ப் பிடித்துவிட்டு, அதே சட்டையோடு பேரனைத் தூக்குவது கணக்கில் வராது. தலைக்கு ஊற்றியபின் போடும் சாம்பிராணியும் புகைதான். அதைச் சொல்ல நமக்கே கொஞ்சம் தயக்கம்.

குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சளி கைமாறிக்கொண்டே இருக்கும். அதற்காக வேலையை விடு என்று யாரிடம் சொல்வது? தடுப்பூசியைத் தள்ளிப்போடாமல் இருக்கலாம். சிங்கப்பூர் அட்டவணைப்படி, காதுத் தொற்றை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான நிமோகோக்கஸுக்கு எதிரான நிமோகோக்கல் ஊசி 4, 6, 12 மாதங்களில், ஃப்ளூ ஊசி 6 மாதம் முடிந்ததிலிருந்து 5 வயதுவரை ஆண்டுதோறும். 6 மாதத்துக்குப் பிறகு பேசிஃபையரையும் (வாயில் வைத்துச் சப்பும் ரப்பர் சூப்பான்) குறைப்பது நல்லது.

வலிக்கிறதென்று காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் நேரே நடுக்காதுக்குள் இறங்கும்.

காய்ச்சலும் வலியும் போனபிறகும் உள்ளே கோத்த நீர் வாரக்கணக்கில் நிற்கும். அப்போது காது மந்தமாக இருக்கும். பிள்ளை டிவிக்குக் கிட்டப் போய் உட்காரும், கூப்பிட்டால் திரும்பாது. "சொல்பேச்சு கேட்பதில்லை" என்று அதட்டு வாங்கும் அந்தப் பிள்ளையை மறுபடி கூட்டி வாருங்கள். 3 மாதமாகியும் நீர் வற்றவில்லையென்றால் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும்.