பொல்லு அறை

டிரில் மாஸ்ரர் காலமான செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்றிரவே எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவிலிருந்து எனக்கு அழைப்பு. "அண்ணை, அவரைப் பற்றி நீங்கள்தான் எழுதவேணும். உங்களிலைதானே மாஸ்ரருக்கு நல்ல வாரப்பாடு." வாரப்பாடு உண்மைதான். அது எப்படித் தொடங்கியது என்று குழுவுக்குத் தெரியாது. எங்கள் இராப்போசன விருந்துகளில் மேடையேறிய பலர் அவரை ஒழுக்கத்தின் சிகரம் என்றார்கள். நானும் கை தட்டினேன். சிகரத்தின் அடியில் நின்றவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

அறுபதுகளில் படித்தவர்களுக்குப் பொல்லு டிரில்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தை பிறந்தால் வேம்படி, சுண்ணாம்புக் கோடு, விசில், முடிவில் பாதிப் பன். இளையவர்களுக்காக ஒரு வரி: பொல்லு என்றால் கரளாக்கட்டை. கைக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு இறாத்தலுக்குக் கொஞ்சம் கூட. பருத்த வயிறு, மெல்லிய கழுத்து, கை நழுவாமல் நுனியில் ஒரு குமிழ்.

1966 இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்திய ஒத்திகை அது. எனக்குத் தாளம் ஓடாது. எல்லாருடைய பொல்லும் தலைக்கு மேலே போகும்போது என்னுடையது முழங்காலடியில் நிற்கும். மாஸ்ரர் விசில் ஊதி முழு வரிசையையும் நிற்பாட்டினார். என்னை மட்டும் முன்னுக்குக் கூப்பிட்டு, "செய்யும் பாப்பம்" என்றார். செய்தேன். பாண்ட் வாசிக்க வந்திருந்த பெண்பிள்ளைகளும் நின்று பார்த்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு மாஸ்ரர் சொன்னார்: "தம்பி, உமக்கும் பொல்லுக்கும் சரிவராது. போய்ச் சாமான் அறையில இரும். உடைஞ்சதுகளைக் கட்டும்."

போட்டியன்றும் அந்த அறையில்தான் இருந்தேன். அம்மா மாமியோடு மீசாலையிலிருந்து நடந்து வந்திருந்தா. எனக்கென்று வெள்ளைச் சேட்டை நீலம் போட்டு வெளுத்துத் தந்திருந்தா. இரவு சாப்பாடு போடும்போது, "எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தி நிண்டதில உன்னைப் பிடிக்கேலாமப் போச்சு ராசா" என்றா. மூன்றாம் வரிசையில் நின்றேன் என்றேன். அம்மா சாகும்வரைக்கும் நான் மூன்றாம் வரிசைதான்.

சரி, அறைக்கு வருகிறேன். கிரிக்கெட் மற்றிங் சுருள், காற்றுப்போன பந்துகள், கம்பி யன்னல். சுவரோடு ஒரு நீளப் பலகையின் விளிம்பில் வரிசையாக வெட்டுப்போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பொல்லு கழுத்தால் தொங்கும். நிலத்தில் குவித்தால் கறையான் ஏறும், ஒன்றோடொன்று இடித்துக் காயப்படும். பொல்லை நிலத்தில் இழுத்துக்கொண்டு வருகிறவனின் காது மாஸ்ரரின் கையில் இருக்கும்.

முதல் பாடம்: ஆணி அடிக்கக் கூடாது. கழுத்தில் முறிந்த பொல்லுக்கு ஆணி அடித்தால் நார் வழியே பிளந்து, அடுத்த சுழற்றலில் குமிழ் பறந்து ஆரின் மண்டையிலோ போய் விழும். இரண்டு துண்டின் முகத்திலும் நேர் நடுவே துளைபோட்டு, பாலை மரத்தில் சீவிய முளையை வச்சிரப் பசை பூசி இறக்கவேண்டும். வச்சிர டின்னை நேரே நெருப்பில் வைக்கக் கூடாது. தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கிக் காய்ச்சவேண்டும், கொதித்தால் பிடிமானம் போய்விடும். முளையின் நீளத்துக்கு ஒரு மெல்லிய கீறல் போடச் சொல்வார். ஏன் என்று கேட்டேன். "உள்ளுக்கு இருக்கிற காத்தும் மிச்சப் பசையும் வெளியில வர வழி வேணும். இல்லாட்டி உம்மை மாதிரிப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நிக்கும்" என்றார்.

சோளகம் அடிக்கிற மாதங்களில் மரம் உலர்ந்து வயிற்றில் வெடிப்பு விழும். அரித்தெடுத்த மரத்தூளை வச்சிரத்தில் குழைத்து அப்பி, கயிற்றால் இறுக்கி ஒரு நாள் விடுவோம். பிறகு தேய்ப்பு, பிறகு எண்ணெய். எண்ணெய் கிரிக்கெட் மட்டைக்கென்று வாங்கிய லின்சீட். கப்டன் அதிபரிடம் கோள் சொல்லியும் மாஸ்ரர் விடவில்லை. வயிற்றுக்கு மட்டும்தான் பூசலாம். பிடியில் பட்டால் வியர்த்த கையில் வழுக்கும். மலிவென்று ஒரு மேல்வகுப்புப் பொடியன் இலுப்பெண்ணெய் பூசிவிட்டான். அது காயாமல் பிசுபிசுத்து மைதானத்து மண் முழுவதையும் ஏற்றிக்கொண்டது.

கடைசி வேலைதான் எனக்குப் பிடித்தது. கட்டிய பொல்லு அதன் சோடியோடு ஒத்துப்போகவேண்டும். தராசில் நிறை சரியாக இருந்தால் போதாது. ஒவ்வொன்றையும் நூலில் கட்டித் தூக்கி, எந்த இடத்தில் கிடையாக நிற்கிறதென்று பார்ப்போம். இரண்டிலும் அந்த இடம் ஒன்றாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு கை முந்தும், மற்றது பிந்தும். கூடின வயிற்றைச் சிறிது சிறிதாகச் சீவுவோம். தாளம் ஓடாத எனக்கு இது ஓடியது.

வேலைக்கிடையில் மாஸ்ரர் கதை அளப்பார். பொல்லுச் சுழற்றுவது ஒலிம்பிக்கில் இருந்ததாம், 1904இலும் 1932இலும். ஆங்கிலப் பட்டாளம் அதை இந்தியாவில் பார்த்துத்தான் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனதாம். வெளியில் வந்து விழுந்து விழுந்து சிரிப்போம். பல வருஷத்துக்குப் பிறகு ரொறன்ரோ நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டுகிறேன்: 1932, லொஸ் ஏஞ்சலிஸ், பொல்லுச் சுழற்றலில் தங்கம், ஜோர்ஜ் ரொத். பட்டாளக் கதையும் சரி. கூடச் சிரித்தவர்களில் இருவர் இந்த மலரைக் கையில் வைத்திருப்பார்கள் என்பதால் இதை இங்கே பதிகிறேன்.

பள்ளிக்கூடம் முடித்தபோது மரவேலை ஆசிரியர் பயிற்சிக்குப் போகச் சொல்லி விண்ணப்பப் படிவத்தையும் மாஸ்ரரே கொண்டுவந்து தந்தார். வீட்டில் விருப்பமில்லை. கொழும்பில் கிளறிக்கல் வேலை கிடைத்தவன் ஏன் உளி பிடிக்கவேண்டும்? படிவம் பெட்டிக்குள் போனது, நான் கொழும்புக்குப் போனேன். 83 கலவரத்துக்குப் பிறகு வந்தது உங்கள் எல்லாருக்கும் நடந்ததுதான்.

2002இல் யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்ததும் ஊருக்குப் போனேன். 2000 சண்டையில் சாவகச்சேரி உடைந்து கிடந்த கோலம் போனவர்களுக்குத் தெரியும். பொல்லு அறைக்குக் கூரை இல்லை, சுவரில் பலகையும் இல்லை. மாஸ்ரர் தன் வீட்டு விறாந்தையில் இருந்தார். செல் விழுந்து எரிந்ததோ என்று கேட்டேன்.

"இல்லை. எரிச்சது நான்தான்" என்றார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாணத்து வலிகாமம் சனம் முழுக்க மழைக்குள்ளால் நாவற்குழியையும் கைதடியையும் கடந்து வந்தபோது எங்கள் பள்ளிக்கூடமும் நிரம்பிவிட்டது. குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சவேண்டும், விறகெல்லாம் நனைந்து கிடந்தது. மாஸ்ரர் அப்போது ஓய்வில். அதிபரிடம் திறப்பை வாங்கிக்கொண்டு போய்ப் பொல்லுகளை இறக்கியிருக்கிறார். "பூவரசு, அதிலையும் எண்ணெய் ஊறினது. நல்லாப் பத்திச்சுது" என்றார், அடுப்பைப் பற்றிச் சொல்கிற அதே குரலில். பூவரசுப் பொல்லுகள் அவர் ஊர் வேலிகளில் மரம் தேடி வாங்கி, ஆசாரியாரின் கடைச்சலில் பக்கத்தில் நின்று கடைவித்தவை. முதலில் கட்டின பொல்லுகளை எரித்தாராம், முழுப் பொல்லில் கை வைக்க மனம் வரவில்லையாம். நாலைந்து நாளில் அதுவும் வந்தது.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "உம்மட மூட்டுகள் கோடாலிக்கு விட்டுக்குடுக்கேல்லை. வேற இடத்திலதான் பிளந்துது."

அவர் என்னைப் பாராட்டி நான் கேட்டது அது ஒன்றுதான். அந்த மழைக்கு நான் ஸ்கார்பரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் ரீவிக்கு முன்னால் இருந்தேன். நிவாரணத்துக்குக் காசு சேர்த்தோம், அனுப்பினோம். சேர்த்தவர்களின் பெயர்ப் பட்டியலை அழகாக அச்சடித்தோம்.

பிறகு என் பேத்தி பள்ளிக்கூடத்தில் சர்க்கஸ் பழகத் தொடங்கினாள். மூன்று பொல்லை எறிந்து பிடிப்பது. பரம்பரை எங்கிருந்து பாய்ந்ததோ, நிச்சயமாக என்னிடமிருந்தில்லை. அவளுடைய பொல்லு எங்களுடையதின் பேரப்பிள்ளைதான். அமெரிக்க வித்தைக்காரர்கள் கரளாக்கட்டையை எறிந்து பிடிக்கத் தொடங்கி, பாரம் தாங்காமல் உள்ளைப் பொள்ளாக்கி, கடைசியில் பிளாஸ்ரிக்கில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நிறை அரை இறாத்தல் அளவுதான். நடுவே மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரு மரத்தடி, இரண்டு நுனியிலும் ரப்பர் மூடி, அதைப் பிடிக்க ஸ்குரூ.

சீமெந்தில் விழ விழ அதற்கும் எங்கள் வியாதிகள்தான். குமிழ் வெடிக்கும், ஸ்குரூ தளர்ந்து கிலுகிலுக்கும், தடி முறியும், வயிறு நெளியும். நெளிவைச் சுடுதண்ணீரில் வைத்தால் பெரும்பாலும் எழும்பும். வயர் சுற்றுகிற ரேப்பைப் பிடியில் சுற்றக் கூடாது, கைச்சூட்டில் பசை கசியும். துணி ரேப் நல்லது. ஒன்றுக்குச் சுற்றினால் மற்ற இரண்டுக்கும் அதே அளவு சுற்றவேண்டும், இல்லாவிட்டால் காற்றில் சுழலும் வேகம் மாறிப் பிள்ளை தடுமாறும். இப்போது அவளுடைய கூட்டாளிகளும் உடைந்ததைக் கொண்டுவந்து எங்கள் கராஜ் வாசலில் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இதை மாஸ்ரருக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "உள்ளுக்கு மரம் இருக்கோ?"

"ஓம் சேர், நடுவில ஒரு தடி."

"என்ன மரம்?"

எனக்குத் தெரியவில்லை. அடுத்தமுறை பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அந்த அடுத்தமுறை வரவில்லை.

மாஸ்ரர் நினைவாகப் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டுச் சாமான் வாங்கி அனுப்புவதென்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. நல்ல விஷயம். பந்து, வலை, ஜேர்சி, எல்லாவற்றிலும் சங்கத்தின் பெயர். போன கூட்டத்தில் நான் எழுந்து, அதில் ஒரு பங்குக்கு ஒரு கடைச்சல் இயந்திரமும், உளி அரம் கொண்ட ஒரு மேசையும் வாங்கிக் கொடுப்போம், மரம் அங்கேயே எடுக்கலாம், இரண்டு மாதம் நானே போய் நின்று பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கிறேன் என்றேன். மருந்துக் குளிசைகளை எண்ணிப் பார்த்த மனைவி கூட்டம் முடிந்ததும் என்னோடு கதைக்கவில்லை. பொருளாளர் தம்பி மரியாதையாகத்தான் கேட்டார்: வேலியில் நிற்கிற பூவரசுக்கு ரசீது தருவார்களா அண்ணை?

அடுத்த கூட்டம் மாசியில். ரசீதுப் புத்தகம் ஒன்றை நானே அச்சடித்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.