லக்ஷ்மியா, லெட்சுமியா: ராணுவக் குடும்பப் பென்ஷன் வாங்கப் பட்ட பாடு

கொடி நாள் தேநீர் விருந்தில் பொன்னாடை போர்த்துவார்கள். குடியரசு தினத்தன்று மேடையேற்றிக் கைகுலுக்குவார்கள். அதே மனிதர் இறந்த பிறகு அவர் மனைவி பேங்க் கவுண்டரில் போய் நின்றால் "இது எங்க வேலை இல்லம்மா" என்பார்கள். முன்னாள் ராணுவத்தினரை ஊர் மதிக்கிறதா என்று டீக்கடையில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் பேசலாம். நான் பார்ப்பது ஒன்றுதான்: ஹவில்தார் இறந்து எத்தனையாவது மாதம் அவர் மனைவி கணக்கில் முதல் பணம் ஏறுகிறது? அம்மா கேஸில் ஏழாவது மாதம். அதில் உருப்படியான வேலை ஒன்றரை மாதம்கூட இருக்காது. மிச்சமெல்லாம் ஒரு எழுத்துக்காக அலைந்தது.

அந்த எழுத்து எக்ஸ். பணி முடிந்து வரும்போது ராணுவம் அப்பாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் அம்மா பெயர் எல்-ஏ-எக்ஸ்-எம்-ஐ. ஆதாரில் எல்-இ-டி-சி-எச்-யு-எம்-ஐ. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கல்யாணத்தைப் பதிந்தபோது அப்பா வாயால் சொன்ன லெட்சுமியை, யூனிட் கிளார்க் தனக்குப் பழக்கமான லக்ஷ்மியாக எழுதிக்கொண்டார். பல வருஷம் கழித்து ஆதார் எடுக்க வந்தவர் ரேஷன் கார்டைப் பார்த்து லெட்சுமி என்றே அடித்தார். நமக்கு இருவரும் ஒருவர். கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பெண்கள்.

சுப்புலெட்சுமி, முத்துலெட்சுமி வீட்டுக்காரர்களெல்லாம் இப்போதே டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பாருங்கள். பெயர் சரியாக இருந்தாலும் பிறந்த தேதி ஒருமுறை இடிக்கும். இனிஷியல் இன்னொருமுறை இடிக்கும். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரே முழுசாக விரிந்து கிடக்கும்.

முதலில் வீணாய்ப் போனது பேங்க் அலைச்சல். பழைய காலத்தில் பென்ஷனைக் கணக்குப் போட்டுக் கொடுத்தது பேங்க்கின் பென்ஷன் மையம். அதனால் இறப்புச் சான்றிதழோடு கிளைக்குப் போவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. ராணுவப் பென்ஷனுக்கான ஆன்லைன் தளமான ஸ்பர்ஷ் வந்த பிறகு அந்த வழி மாறிவிட்டது. பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புக் கணக்குத் துறையின் பென்ஷன் அலுவலகமே நேரடியாகப் பணம் போடுகிறது. ஸ்பர்ஷுக்கு மாறியவர்களுக்கு பேங்க் வெறும் உண்டியல். இது கவுண்டரில் இருப்பவர்களுக்கே பாதி தெரியாது. நாங்கள் போன கிளையில் பழைய ஃபாரம் ஒன்றைக் கொடுத்து நிரப்பி வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்துப் போய்க் கேட்டால் அது டிராயரிலேயே இருந்தது. பேங்க்குக்குப் போவதானால் இரண்டே காரியத்துக்குப் போங்கள்: அம்மா பெயரில் கணக்கு உயிரோடு இருக்கிறதா, அதில் ஆதார் சேர்ந்திருக்கிறதா.

இன்னொன்று. இறந்ததைத் தெரிவிக்கத் தாமதமானால் அடுத்த மாதப் பென்ஷனும் அவர் கணக்கிலேயே வந்து விழும். தொடாதீர்கள். பின்னால் பிடித்துக்கொள்வார்கள், பிடிக்கும் வரை கேஸும் நகராது. இறந்த நாள் வரைக்கும் உள்ள பாக்கிக்கு எல்.டி.ஏ. என்று பெயர், வாழ்நாள் நிலுவை. மறுநாளிலிருந்து குடும்பப் பென்ஷன். மாதம் 12-ஆம் தேதி இறந்தால் 12 வரை அவர் கணக்கு, 13 முதல் மனைவி கணக்கு. எல்.டி.ஏ.வுக்கு நாமினி போட்டிருந்தால் சுலபம். போடாவிட்டால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது தனிப் புராணம்.

இறப்புச் சான்றிதழ் 21 நாளுக்குள் பதிந்தால் தொல்லை இல்லை. கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம் பதியும்போது அப்பா பெயரை வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். டிஸ்சார்ஜ் புக் நகலை நீட்டி, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் அப்படியே அடிக்கச் சொல்லுங்கள். வீடு துக்கத்தில் இருக்கும்போது இதெல்லாம் யார் நினைவில் நிற்கும் என்பது சரிதான். நினைவிருக்கிற ஒரு ஆளை அனுப்புங்கள்.

அடுத்து செல்போன். இது எந்த ஃபாரத்திலும் எழுதியிருக்காது. நம் வீடுகளில் அம்மாவின் ஆதாரில் இருப்பதும் பெரும்பாலும் அப்பாவின் நம்பர்தான். அவர் போய்விட்டார், செல்லு எதற்கு என்று ரீசார்ஜை நிறுத்தினால் சிம் செத்துவிடும். பிறகு அம்மாவுக்கு வர வேண்டிய ஓ.டி.பி. எங்கே வரும்? அந்த சிம்மை ஒரு வருஷமாவது உயிரோடு வையுங்கள். இதற்கிடையில் ஆதார் மையத்தில் அம்மாவுக்கென்று தனி நம்பர் ஏற்றிவிடுங்கள்.

ஸ்பர்ஷில் இறப்பைத் தெரிவிக்க லாகின் தேவையில்லை, முகப்புப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ. எனும் பென்ஷன் ஆணை, டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் உள்ள பக்கம், அம்மாவின் ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ: இவ்வளவுதான். பொதுச் சேவை மையத்தில் போனில் படம் பிடித்து ஏற்றிவிடுவார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள். எங்களுக்கு ஏற்றிய டிஸ்சார்ஜ் புக் பக்கத்தில் ஆபீஸ் முத்திரை பாதி வெட்டுப்பட்டிருந்தது. அதற்கே ஒருமுறை திரும்பி வந்தது. ஸ்கேனரில் வைத்து எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகு அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாம் முறை திரும்பியது எக்ஸ் எழுத்துக்காக. இங்கேதான் சிப்பாய்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் வருகிறது. சிப்பாய் கடைசியாக எந்த ஊரில் இருந்தார் என்பதல்ல, எந்த ரெஜிமெண்ட் அல்லது கோர் என்பதுதான் கணக்கு. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. என்ற மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் பெங்களூரு, பீரங்கிப் படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் இன்ஜினியர்களின் இ.எம்.இ. செகந்திராபாத், மருத்துவப் படை லக்னோ. கடற்படைக்கு மும்பை, விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். கடிதத்தின் ஒவ்வொரு தாளிலும் சர்வீஸ் நம்பரை எழுதுங்கள். அந்த நம்பரின் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அதுவும் நம்பரைச் சேர்ந்ததுதான்.

ராணுவத்தில் கல்யாணம், குழந்தை என்று குடும்பத்தில் எது நடந்தாலும் பார்ட் டூ ஆர்டர் என்ற ஆபீஸ் பதிவு போட்டால்தான் அது நடந்ததாகக் கணக்கு. பார்ட் டூவில் லக்ஷ்மி என்றிருந்தால் லெட்சுமி யார் என்றுதான் கேட்பார்கள். சிப்பாய் உயிரோடு இருந்தால் அவரே எழுதிக் கொடுத்துத் திருத்திவிடலாம். பி.பி.ஓ.வில் மனைவி பெயரே இல்லாவிட்டால்கூட, ஜோடியாக எடுத்த போட்டோவோடு விண்ணப்பித்துச் சேர்த்துவிடலாம். அவர் போன பிறகு அதே வேலை பத்து மடங்கு. இதைப் படிக்கிற முன்னாள் படைவீரர் யாராவது இருந்தால், இந்த வாரமே ஸ்பர்ஷ் லாகினில் மனைவி விவரத்தைத் திறந்து பாருங்கள் ஐயா. பழைய பென்ஷன்காரர்களின் விவரத்தை மொத்தமாக மாற்றியபோது காலியாகிப்போன கட்டங்கள் உண்டு.

நாங்கள் முதலில் யோசித்தது ஆதாரையே லக்ஷ்மி என்று மாற்றிவிடலாமா என்று. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும்; அதோடு பேங்க், பான், ரேஷன் கார்டு எல்லாம் பின்னாலேயே வரும். ஒன்றைச் சரிசெய்ய நான்கைக் கெடுப்பது. வேண்டாம் என்று விட்டோம்.

வழி காட்டியது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கே நல அமைப்பாளராக இருப்பவர் தானும் பட்டாளத்துக்காரர். டிஸ்சார்ஜ் புக்கைக் கையில் வாங்கியதும் நேராகக் குடும்ப விவரப் பக்கத்தைத் திருப்பினார். பேங்க்கில் அதை முன்னும் பின்னுமாகப் புரட்டி "இது என்ன புக்கு?" என்று கேட்டிருந்தார்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி வைத்திருந்தோம். அவர் பார்த்துவிட்டு, மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்தானதை அனுப்பினால் கேள்வி வராது என்றார். அதையும், தாசில்தார் கொடுத்த ஒரே நபர் சான்றையும் சேர்த்து, உதவி இயக்குநரின் மேலொப்பத்தோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். நான்கு மாதம். நடுவில் இரண்டு நினைவூட்டல். பிறகு ரெக்கார்ட் ஆபீஸ் பெயரைத் திருத்தி, பிரயாக்ராஜிலிருந்து திருத்திய பி.பி.ஓ. வந்தது. நடையாய் நடப்பவர்கள் முதல் நாளே இந்த அலுவலகத்துக்குப் போங்கள். கலெக்டர் ஆபீஸில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தால் மனுவுக்கு ஒரு எண் கிடைக்கும். அடுத்த நினைவூட்டலில் அந்த எண்ணைப் போடலாம்.

தொகை வந்ததும் இன்னொரு அதிர்ச்சி: "பாதிதான் வருது!" அது தப்பில்லை. பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம், சாதாரணக் குடும்பப் பென்ஷன் 30 சதவீதம். நூறு ரூபாய் வந்த இடத்தில் ஏறக்குறைய அறுபது. அடிப்படைத் தொகை 9,000 ரூபாய்க்குக் கீழே போகாது, மேலே அகவிலைப்படி. ஆனால் பென்ஷன்காரர் 67 வயதுக்கு முன்பே இறந்திருந்தால் ஏழு வருஷம் வரை, அல்லது அவருக்கு 67 ஆகியிருக்கக்கூடிய தேதி வரை, எது முந்தியோ அதுவரை உயர்வு விகிதம் உண்டு. 63-ல் இறந்தவர் மனைவிக்கு நான்கு வருஷம். பி.பி.ஓ.வில் இந்தத் தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியதற்கான பிடித்தம் (கம்யூட் செய்தது என்பார்கள்) குடும்பப் பென்ஷனில் வரக் கூடாது. வந்தால் எழுதிக் கேளுங்கள். குடும்பப் பென்ஷன் வாங்குபவருக்கு 80 வயதானால் 20 சதவீதம் கூடுதல். அந்தப் பிறந்த தேதியும் அதே பழைய பதிவில்தான் இருக்கிறது.

நவம்பரில் உயிர்வாழ் சான்று. களை பறித்த கைக்கு ரேகை விழாது. எந்திரத்தில் ஆறு முறை வைத்தும் அம்மாவுக்கு விழவில்லை. முகத்தைக் காட்டும் ஜீவன் பிரமாண் ஆப்பில் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது, கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் போதும். பணம் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் பேங்க் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சான்று எங்கேயோ போய்விடும். ஸ்பர்ஷ் என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள். நம்பரும் பழைய பி.பி.ஓ. நம்பர் இல்லை, ஸ்பர்ஷ் கொடுத்த புது நம்பர்.

அடுத்த வேலை இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டை. அப்பா பெயரில் இருந்ததை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய அட்டையை எடுத்துப் பார்த்தேன்: எல்-ஏ-கே-எஸ்-எச்-எம்-ஐ.