பூட்டிய வீட்டுக்கும் ஒரு பாட்டு

நாசரேத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்றதும் அலுவலகத்தில் ஒருவர், "இஸ்ரேலுக்கா? இப்போவா?" என்று பதறினார். எழும்பூரில் சாயங்காலம் கிளம்புகிற திருச்செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடும் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் அது என்று விளக்க வேண்டியதாயிற்று. கூட வேலை பார்க்கும் நண்பன் மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "எங்க ஊரு கிறிஸ்துமஸ வந்து பாருடே, அப்புறம் பேசு." 2024 டிசம்பரில்தான் வேளை வந்தது.

அந்த ரயிலை டிசம்பர் கடைசியில் ஒருமுறை பார்க்க வேண்டும். என் எதிர் பெர்த்தில் பச்சை வேட்டி கட்டிய முருக பக்தர்கள் நாலு பேர். பக்கத்தில் ஊருக்குப் போகும் ஒரு குடும்பம், சீட்டுக்கடியில் கேக் பெட்டிகள். ராத்திரி பத்து மணிக்கெல்லாம் இவர்கள் கேக்கை அவர்கள் சாப்பிட்டு, அவர்கள் புளியோதரையை இவர்கள் சாப்பிட்டு, யார் எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்பதே குழம்பிப்போயிற்று.

ஸ்ரீவைகுண்டம் வந்தபோது அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டார். "இங்கனதான் தம்பி நின்னுச்சு." 2023 டிசம்பர் 17 ராத்திரி, வெள்ளம் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணை அரித்துக்கொண்டு போக, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய வண்டி இந்த ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது. சுமார் 800 பேர். அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை. அவர் சொல்லிக்கொண்டிருக்கையில் எல்லாரும் வெளியே இருட்டைப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை.

நாசரேத்தில் நண்பன் பைக்கோடு நின்றான். ஊரின் பெரிய ஆலயத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. 1876-ல் வந்து 1908-ல் இறக்கும்வரை ஆர்தர் மர்காஷிஸ் என்ற மிஷனரி இந்த ஊரிலேயே கிடந்து, பள்ளிக்கூடம், தொழிற்பள்ளி என்று கட்டியிருக்கிறார். கல்லூரிக்கே அவர் பெயர்தான். டீக்கடையில் நண்பன், "முதல்ல ஐயரப் பாத்துட்டுப் போயிருவோம்" என்றான். எனக்குப் புரியவில்லை. இந்தப் பக்கம் சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் குருவானவருக்கு 'ஐயர்' என்றுதான் பெயர். அவர் மனைவி ஐயரம்மா. சர்ச் என்று யாரும் அதிகம் சொல்வதில்லை, கோயில்தான். நாலைந்து ஊர்க் கோயில்கள் சேர்ந்தது ஒரு சேகரம். ஒரு மணி நேரத்தில் இத்தனையும் படித்துவிட்டேன்.

நண்பனின் ஊர் மெய்ஞ்ஞானபுரத்துக்குப் பக்கம், தேரி ஓரத்தில் இருக்கிறது. தேரி என்றால் செம்மணல் மேடு. கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். பனை நிற்கும், உடை முள் நிற்கும், அங்கங்கே முந்திரி. டிசம்பரில் பதநீர் கிடையாது, பனங்கிழங்குதான். வீட்டுக்குள் நுழைந்ததும் நண்பனின் அம்மா, "வாங்க தம்பி, ரயில்ல தூங்குனீயளா?" என்று கேட்டுக்கொண்டே கருப்பட்டிக் காபியையும் முந்திரிக்கொத்தையும் வைத்தார்கள். முந்திரிக்கொத்தில் முந்திரி இல்லை. பாசிப்பயறும் கருப்பட்டியும்தான். ஏமாற்றமாக இல்லை.

சாயங்காலம் கோயில் வளாகத்தில் வாலிபர் சங்கம் கூடியது. பெயர்தான் வாலிபர் சங்கம். மேற்படிப்பு, வேலை என்று வெளியூர் போனது போக, ஊரோடு இருப்பவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். அதில் இருவருக்குத் தலை நரைத்திருந்தது. கல்யாணம் ஆகிவிட்டால் சங்கத்தை விட்டுப் போகவேண்டும் என்று விதி இருக்கிறதாம். "விதிய அமல்படுத்துனா ட்ரம் அடிக்க ஆளில்ல அண்ணே" என்றார் செயலாளர். அவர் பக்கத்து ஊரில் ஆசிரியையாக இருக்கிற பெண், இருபத்தைந்து வயதிருக்கும். கையில் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு. அதில் தெருவாரியாக வீட்டுக்காரர் பெயர்கள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சாவி வரைந்திருந்தார். பூட்டிய வீடு என்று அர்த்தம். பக்கத்துக்குப் பக்கம் சாவி.

மும்பையும் வளைகுடாவும் சென்னையும் இந்த ஊர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூப்பிட்டுக்கொண்டதை நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அந்த நோட்டில்தான் கண்ணால் பார்த்தேன்.

அன்று நட்சத்திரம் கட்டும் வேலை. மூங்கிலைப் பத்தையாகக் கீறி, இரண்டு ஐமுனைச் சட்டம் செய்து, நடுவில் குறுக்குக் குச்சி கொடுத்து உப்பலாக்கி, பனை நாரால் இறுக்கிக் கட்டினார்கள். கம்பி வைத்துக் கட்டலாமே என்றேன். "கம்பி கலர் பேப்பரக் கிழிச்சிரும், நாரு காய காய இறுகும்" என்றான் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு. கடையில் ரெடிமேட் ஸ்டார் நூறு ரூபாய்க்குத் தொங்குகிறது. அதை வீட்டுக்கு வாங்கலாம். கோயிலுக்கு வாங்கினால் மானம் போய்விடும் என்பது ஊர்ச் சட்டம். குடிலுக்குப் புல் வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே தட்டில் கேழ்வரகு விதைத்து வைத்திருந்தார்கள். விரற்கடை உயரத்துக்குப் பச்சென்று நின்றது.

ராத்திரி ஒன்பது மணிக்கு, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டு பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பியது. ஒரு குட்டியானையில் கீபோர்டு, ஸ்பீக்கர், வாடகை ஜெனரேட்டர். பின்னால் நடந்து வருகிற கூட்டம். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் ஊர் எலக்ட்ரீஷியன். அந்த சிவப்பு நைலான் சட்டையும் முகமூடியும் பனி கொட்டும் ஊருக்கு ஆனது. தேரியில் டிசம்பரிலும் புழுங்கும். மூன்றாவது வீட்டில் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இடுப்பிலிருந்த ஒரு குழந்தை உற்றுப் பார்த்து, "ம்மா, இது கரண்டு மாமால்லா!" என்றது. அதன் பிறகு அந்தத் தெரு முழுக்க அவர் கரண்டுத் தாத்தா.

பத்தரை மணிக்கு ஜெனரேட்டர் நின்றுபோனது. காலையில்தான் சர்வீஸ் பண்ணியது என்று சொல்லி வாடகைக்கு விட்டிருந்தார்கள். கயிறு இழுத்து இழுத்து மூன்று பேருக்குத் தோள் வலித்ததுதான் மிச்சம். கீபோர்டு பையன் முகம் தொங்கிவிட்டது. கூட்டத்தில் பின்னால் கம்பளித் தொப்பி போட்டு நின்ற ஒரு தாத்தா முன்னே வந்து, தொண்டையைச் செருமி, பாஸ் என்கிற அடிக்குரலை எடுத்துக் கொடுத்தார். நாலு குரலில் பாடுவது இந்தச் சபைகளில் பழைய பழக்கம். பெண்கள் மேல் குரலான சொப்ரானோவும் அதற்குக் கீழான ஆல்டோவும் பிரித்துக்கொண்டார்கள். ஆண்களின் மேல் குரலான டெனருக்கு ஒரே ஒரு ஆள்தான், அதுவும் கட்டைக் குரல். ஆனாலும் அந்த இருட்டில், ஒரு ட்ரம் மட்டும் அடிக்க, பனை ஓலை சலசலப்புக்கு நடுவில் அது எழுந்து வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாத்தா முடித்துவிட்டுச் சொன்னார்: "இதாம்லே கேரல். இம்புட்டு நேரம் நீங்க நடத்துனது கச்சேரி."

ஒவ்வொரு வீட்டிலும் முறை ஒன்றுதான்: பாட்டு, வசனம், சின்ன ஜெபம், காணிக்கைக் கவர், டீ. ஏழாவது டீக்கு மேல் நான் கும்பிடு போட்டுவிட்டேன்.

பிறகு ஒரு பூட்டிய வீடு. தாண்டிப் போய்விடுவார்கள் என்று நினைத்து நான் நடந்துகொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் அங்கேயே நிற்கிறார்கள். செயலாளர் வீடியோ காலில் மும்பையைப் பிடித்து, போனைக் கேட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். திரையில் ஒரு வயதான அம்மா, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு.

"அந்த வேப்பமரத்தக் காட்டு... ம்... திண்ணையக் காட்டு. ஏ பிள்ள, முத்தத்த யாரு பெருக்குனது?"

"நாங்கதான் ஆச்சி. மத்தியானம் வந்து பெருக்குனோம்."

"பின்பக்கத்து ஓடு?"

"ஒண்ணும் உடையல ஆச்சி. பாட்டு பாடவா?"

பாடினார்கள். பூட்டுக்கு முன்னால் நின்று, முழுசாக, ஒரு சரணம்கூடக் குறைக்காமல். அந்த அம்மா திரையில் கூடவே பாடியது, நெட்வொர்க் காரணமாக ஒரு வரி பிந்தி வந்தது. முடிந்ததும் செயலாளரின் போனில் ஐநூறு ரூபாய் விழுந்த சத்தம். தெருவிளக்கு வெளிச்சத்தில் நோட்டை விரித்து ரசீது எழுதினார். அன்றைக்கு அப்படி எத்தனை வீட்டுக்குப் பாடினோம் என்று நான் எண்ணவில்லை. கடைசி வீட்டுக்குப் பாடி முடித்தபோது மணி மூன்று.

இந்தப் பணம் என்னவாகும் என்று மறுநாள் நண்பனைக் கேட்டேன். கொஞ்சம் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு. கொஞ்சம் யாராவது ஒரு பிள்ளையின் ஃபீஸுக்கு. கொஞ்சம் மிஷனரிப் பணிக்கு. 2023-ல் அந்த வெள்ளத்தால் கேரலே கிடையாது. இதே குட்டியானையில் அரிசியும் தண்ணீர் கேனும் ஏற்றி, ஏரல் பக்கம் போக முடிந்த தூரம்வரை போனார்களாம். அவன் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

மிஷனரிப் பணி என்றதும் நான் வெள்ளைக்காரர்களை நினைத்தேன். அவன் பைக்கைத் திருப்பி வெள்ளாளன்விளைக்குக் கூட்டிப்போனான். வேதநாயகம் அசரியா பிறந்த ஊர், 1874. ஒய்எம்சிஏவில் வாலிபர்களோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், முப்பதைத் தொடுவதற்கு முன்பே, 1903-ல், திருநெல்வேலி ஆட்களின் பணத்தில் திருநெல்வேலி ஆட்களையே அனுப்புகிற இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கிவிட்டார். பணியிடம் தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல். 1912-ல் அங்கேயே பேராயர். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல்முறை. சோறு வடிக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து இந்த மாதிரிப் பணிகளுக்குக் கொடுத்த பெண்கள் இந்த ஊர்களில் உண்டு. நண்பனின் அம்மா இன்னும் எடுத்து வைக்கிறார்கள், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில்.

அப்படியே முதலூர். 1799-ல் மதம் மாறியதற்காக அடிபட்டவர்களுக்கென்று உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர். முதல் ஊர், ஆகவே முதலூர். இப்போது அந்தப் பெயர் அல்வாவுக்குத்தான் அதிகம் தெரியும். மஸ்கோத் அல்வா: நெய் இல்லை, தேங்காய்ப் பால். இருட்டுக்கடை அல்வாவோடு ஒப்பிட்டு நண்பனிடம் ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

இடையன்குடிக்கும் போனோம், ஆனால் கால்டுவெல்லைப் பற்றி எழுத இது இடமில்லை. 1847-ல் கட்ட ஆரம்பித்த கோயில் 1880-ல்தான் பிரதிஷ்டையானது என்பது மட்டும் மனதில் நின்றது. நடுவில் மனிதர் ஒப்பிலக்கணம் எழுதி முடித்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் அதிகாலை மூன்றரைக்கு எழுப்பினார்கள். மெய்ஞ்ஞானபுரம் பெரிய கோயிலுக்குப் போனோம். 192 அடி கோபுரம். இந்த மணல்காட்டில், 1847-ல் பிரதிஷ்டை செய்த கோயிலுக்கு, இருபது வருஷத்துக்கு மேல் கழித்து இத்தனை உயரத்துக்குக் கோபுரம் ஏற்றிய மிஷனரி ஜான் தாமஸுக்கு நெஞ்சழுத்தம்தான். சீரியல் லைட் போட்டிருந்ததில் கோபுரம் தேரியிலிருந்தே தெரிந்தது. உள்ளே புதுத்துணி வாசம், மல்லிகை, தூங்கி வழியும் குழந்தைகள். இடம் இல்லாமல் வெளியே பந்தலில் நின்றோம். வெளியூர்க் கார்கள் ரோட்டை அடைத்து நின்றன. எனக்கு முன்னால் ஒரு பையன் ஆராதனை முழுக்க புது ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஊரில் அசனம். அசனம் என்றால் சாப்பாடு. கோயில் வளாகத்தில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. வெளியூரிலிருந்து வந்தவர்கள் திரும்புவதற்குள் வைத்துவிடுவார்கள். முந்தின ராத்திரி பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்க, சிறுவர்கள் உப்புத் தண்ணீர் அண்டாவில் அதைக் கொண்டு கொட்டினார்கள். வடித்த சோற்றை ஓலைப்பாயில் குவிக்க, ஆவி பறக்கும் வெள்ளை மேடாக என் இடுப்புக்கு வந்தது. மும்பைக்காரர், துபாய்க்காரர், மாடு மேய்ப்பவர், ஐயர், எல்லாருக்கும் ஒரே பந்தி, ஒரே கறிக்குழம்பு. துபாய்க்காரர்கள் நிறைய செல்ஃபி எடுத்தார்கள். வாளி தூக்கியது அந்தப் பன்னிரண்டு பேர். என்னையும் ரசம் ஊற்ற விட்டார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு பெரியவரின் கையில் கொட்டிவிட்டேன். "பரவால்ல தம்பி, ரசம் ஆறித்தான் இருக்கு" என்றார். அதுவும் ஒரு குறை சொன்னதுதான்.

27-ந் தேதி காலையில் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகும் வழியில் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தேன். கழுவிய வாளிகள் வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. செயலாளர் சப்பணமிட்டு உட்கார்ந்து, கோயில் பெயர் வெட்டிய கரண்டிகளைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ரசக் கரண்டி ஒண்ணு குறையுது. கடைசியா உங்க கையிலதான் பாத்தேன்."

பஸ்ஸை விட்டுவிட்டு, பந்தலுக்குப் பின்னால் போய் அரை மணி நேரம் தேடினேன். வாழை இலைக் குவியலுக்கு அடியில் கிடந்தது.