படையாட்சியைத் தேடி: பாண்டியிலிருந்து கடலூர் ஓ.டி. வரை

முதலில் பஸ்ஸைத் திட்டிவிடுகிறேன், அப்புறம் விஷயத்துக்கு, அதாவது படையாட்சி என்ற சாதிப் பட்டத்தின் கதைக்கு வரலாம். பாண்டியிலிருந்து கடலூர் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். காலை 10 மணிக்கு மேல் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. தனியார் பஸ் என்றால் அரியாங்குப்பம் தாண்டும் வரை வண்டி ஆட்களைப் பொறுக்கிக்கொண்டே போகும். பாட்டுச் சத்தத்தில் பக்கத்து சீட்டுக்காரர் பேசுவதும் காதில் விழாது. டிக்கெட் 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்பது ஒன்றுதான் ஆறுதல். வலது பக்க ஜன்னல் வேண்டாம், பிற்பகல் வெயில் முழுக்க அந்தப் பக்கம்தான்.

ஆனால் இந்தக் கட்டுரைக்குப் பஸ்தான் சரியான வண்டி. கண்டக்டர் கூவும் ஊர்களைக் கேளுங்கள்: முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில், எல்லை தாண்டியதும் ரெட்டிச்சாவடி. முதலியாரும் ரெட்டியும் நிறுத்தத்தின் பெயரில் இருக்கிறார்கள். பஸ்ஸில் இருப்பவர்களின் ஆதாரை வாங்கிப் பார்த்தால் கே.முருகன், எஸ்.லட்சுமி என்று இனிஷியல்தான் இருக்கும். அதே நேரம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலும் மொரிஷியசின் போர்ட் லூயிசிலும் டாக்டர், வக்கீல், மந்திரி வீட்டு வாசலில் "படையாச்சி" என்று குடும்பப் பெயர் பலகை தொங்குகிறது. மொரிஷியசில் 2019 முதல் 2024 வரை நிதியமைச்சராக இருந்தவர் ரெங்கநாதன் படையாச்சி. கடலூர்ப் பக்கத்துப் பட்டம் ஒன்று கடலூரில் தேய்ந்து, கடல் கடந்து போய்க் குடும்பப் பெயரானது எப்படி?

சொல் எளிது: படை, ஆட்சி. படையை நடத்துபவர். பேச்சில் ட் தேய்ந்து "படையாச்சி" ஆகும்; வெளிநாடு போனதும் இந்தப் பேச்சு வடிவம்தான், எழுத்து வடிவம் இல்லை. வன்னியர்களின் பட்டங்களில் இது ஒன்று. இடத்துக்கு இடம் பட்டம் மாறும்: செங்கல்பட்டுப் பக்கம் நாயக்கர், வடவாற்காடு, சேலம் பக்கம் கவுண்டர், தென்னாற்காட்டிலும் காவிரிக் கரையிலும் படையாட்சி. ஆகவே வெளிநாட்டில் ஒருவர் படையாச்சி என்றால், அவருடைய முன்னோர் ஊரைத் தேட வேண்டிய வரைபடம் பெரும்பாலும் பெண்ணையாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் சுருங்கிவிடும். கவுண்டருக்கும் நாயக்கருக்கும் இந்த வசதி கிடையாது. அந்தப் பட்டங்களை வேறு பல சமூகங்களும் வைத்திருக்கின்றன.

கடலூரில் இறங்கியதும் எல்லோரும் போவது தேவனாம்பட்டினம் சில்வர் பீச். பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 300 ரூபாய் கேட்டார்கள், 150-க்கு இறங்கினார்கள், இறங்கும்போது "வெயிட்டிங்" என்று இன்னொரு 100. டவுன் பஸ் இருக்கிறது, அதற்குக் காத்திருங்கள். ஆட்டோதான் என்றால் போக, வர, நிற்க எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை பேசிவிட்டு ஏறுங்கள்.

கடற்கரையை ஒட்டித்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. கோட்டை என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான், மிச்சம் இருப்பது கொஞ்சம். 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி இதை விலைக்கு வாங்கியபோது, பீரங்கியிலிருந்து சுட்ட குண்டு விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்ந்தது. அப்படி வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபின் சில ஆண்டுகள் கம்பெனிக்கு இதுதான் தலைமையிடம். 1748-ல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் வந்து, கம்பெனியின் சிதறிக் கிடந்த காவல் ஆட்களைச் சம்பளப் பட்டாளமாகக் கட்டியதும் இங்கேதான். நம் கதைக்கு இது முக்கியம். சம்பளப் பட்டாளம் வளர வளர, ஊர் மானியத்தில் வாழ்ந்த பரம்பரைப் படைக்கு வேலை குறைந்தது. 1801-ல் பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் அந்த வேலையே போய்விட்டது. தொழில் போனது, பட்டம் மட்டும் நிலைத்தது. படையாட்சி என்ற பெயரோடு ஏர் ஓட்டியவர்களும் கூலிக்கு நடவு நட்டவர்களும்தான் 19-ம் நூற்றாண்டுத் தென்னாற்காட்டில் இருந்தார்கள்.

அவர்கள் கப்பலேறியதற்குக் காரணம் கரும்பு. 1834-லிருந்து மொரிஷியஸ் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். அந்தத் தீவில் இறங்கிய இந்தியர்கள் மொத்தம் சுமார் 4.5 லட்சம். டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ 1860 அக்டோபரில் சென்னையை விட்டு, நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனில் சேர்ந்தது. 1911-ல் நிறுத்தும் வரை அங்கே போனவர்கள் 1,52,184 பேர், அதில் பெரும்பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. பிரெஞ்சுத் தீவுகளுக்குப் பாண்டியும் காரைக்காலும்தான் வாசல். பாண்டியிலிருந்து போன ஒரேலி என்ற கப்பல் 1853-ல் கரீபியன் தீவான மார்த்தினிக்கின் கரை சேர்ந்தது. நடுவில் 1876-78 பஞ்சம். இத்தனைக்கும் கடலூருக்குப் பக்கத்திலேயே நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை. இந்த ஊர் வழியாகப் போகும்போதெல்லாம் இது உறுத்தும்.

இப்போது பதிவேட்டுக்கு வருவோம், விஷயமே இதில்தான் இருக்கிறது. நேட்டால் கப்பல் பட்டியலில் ஒரு வரி எப்படி இருக்கும்? மாதிரிக்கு: கூலி எண்; பெயர் முத்துசாமி; தகப்பன் பெயர் கோவிந்தன்; வயது 24; ஆண்; சாதி படையாச்சி; ஜில்லா தென்னாற்காடு; தாணா (ஜில்லாவுக்குள் உட்பிரிவு) சிதம்பரம்; ஊர்; உயரம்; இடது முழங்காலில் தழும்பு. கவனியுங்கள், குடும்பப் பெயர் என்று ஒரு கட்டமே இல்லை. முத்துசாமிக்கு அப்படி ஒன்று இருந்ததும் இல்லை. அவருக்கு அங்கே பிள்ளை பிறந்து, பிறப்புப் பதிவு எழுதும்போதுதான் "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டார்கள். எழுத்தரிடம் மூன்று சொல்தான் இருந்தது. "முத்துசாமி" என்று எழுதினால் பேரன் காலம் வரை முத்துசாமி குடும்பம். "கோவிந்தன்" என்றால் கோவிந்தன் குடும்பம். சாதிக் கட்டத்தில் இருந்ததை எடுத்துப் போட்டால் படையாச்சி குடும்பம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு குடும்பப் பெயரோடு இருப்பது இதனால்தான்.

அதே காலத்தில் மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போன படையாட்சிகள் குறைவா என்ன? அங்கே ஏன் இது குடும்பப் பெயர் ஆகவில்லை? அங்கே பெயருக்குப் பிறகு "அனாக் லெலாக்கி", அதாவது "இன்னாரின் மகன்" என்று போட்டு அப்பா பெயரை எழுதுவதே முறை. தமிழ் இனிஷியலுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. பட்டத்துக்கு இடமே வரவில்லை. போன ஆட்களின் கணக்கை விட, போன இடத்துப் படிவத்தில் எத்தனை கட்டம் இருந்தது என்பதுதான் பட்டத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

எழுத்துக்கூட்டலில் இன்னொரு கூத்து. ஆங்கில 'டி' எழுத்துக்கு ட, த வித்தியாசம் தெரியாது. அதனால் டர்பனில் பிறந்தவர் தன் பெயரையே "பதயாச்சி" என்கிறார். கடைசியில் ஒற்றை 'ஐ', 'ஒய்', இரட்டை 'ஈ' என்று மூன்று வால். நடுவில் 'ஏ' உதிர்ந்து "பதியாச்சி" ஒன்று. தேடும்போது எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். மற்றப் பட்டங்களும் தப்பவில்லை: கவுண்டர் தென்னாப்பிரிக்காவில் "கோவெண்டர்", முதலி "மூட்லி". பிள்ளை ஆங்கிலக் கப்பலில் "பில்லே", பிரெஞ்சுக் கப்பலில் "புல்லே". பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் அரசியல்வாதி ழான்-போல் விராபுல்லேயின் பெயருக்குள் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக் குடும்பப் பெயரை வைத்துச் சாதி சொல்லக் கிளம்பாதீர்கள். கப்பலேறும்போது பட்டத்தை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, இறங்கியபின் உயர்வாகத் தோன்றிய பட்டத்தைச் சூட்டிக்கொண்டவர்களும் உண்டு. எனக்குக் கேட்டால் நல்ல காரியம் செய்தார்கள் என்பேன்.

வயிற்றுக்கு: ஓல்டு டவுன், உள்ளூர் வழக்கில் ஓ.டி. துறைமுகம் பக்கம் மதியம் 1 மணிக்குள் போய்விடுங்கள். சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல், புளிப்பு தூக்கலாக, எண்ணெய் மேலே மிதந்து, மண்சட்டி வாசத்தோடு. முதல் கவளத்துக்கே பஸ்ஸை மன்னித்துவிட்டேன். குழம்பு இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றுகிறார்கள். கடைசியில் ரசம், மொரிஷியஸ் தமிழர்கள் இதை "ராசோன்" என்று சொல்லி இன்னமும் குடிக்கிறார்கள். வஞ்சிரம் மட்டும் விலை கேட்காமல் சொல்லாதீர்கள். சாப்பாட்டின் விலையை விட ஒரு துண்டின் விலை அதிகமாக வந்து நிற்கும், பலகையில் எழுதியும் இருக்காது. 2 மணிக்கு மேல் போனால் குழம்பில் மீன் இருக்காது, முள் இருக்கும்.

மஞ்சக்குப்பத்தில் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியாரின் மணிமண்டபம் இருக்கிறது, 2019-ல் திறந்தது. 1918-ல் பிறந்த கடலூர்க்காரர். அவருடைய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 1952 தேர்தலில் 19 இடம் பிடித்தது. 1954-ல் காமராஜர் மந்திரிசபையில் சேர்ந்தார். பெயரோடு பட்டத்தைச் சேர்த்துச் சொல்வது அவர் தலைமுறைக்கு இயல்பு. ஆனால் அதற்கு முன்பே, 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டுவிட்டது. அடுத்தடுத்த தலைமுறைகள் இனிஷியலோடு நிறுத்திக்கொண்டன. கடலூர் இளைஞனுக்குப் பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தைப் பார்த்ததும் தடுமாற்றம் வருவது அதனால்தான். அப்பா பெயரைப் போடுகிறான், முத்துசாமியின் பிள்ளைக்கு நேட்டால் எழுத்தர் செய்த அதே வேலை.

மாலை பாண்டி திரும்பினால் அங்கே இன்னொரு கிளைக்கதை. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, இந்து அல்லது முஸ்லிம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து எழுதித் தர வேண்டும். வேறெங்கும் எழுத்தர் சூட்டியதை இங்கே ஆட்களே சூட்டிக்கொண்டார்கள். 1873-ல் செருப்போடு நீதிமன்றத்துக்குள் போய் வழக்கில் மாட்டிய வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பிள்ளையை விட்டுவிட்டு "லா போர்த்" ஆனார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக ஊர் தேடப் போகிறவர்களுக்கு: கூலி எண் இல்லாமல் கிளம்பாதீர்கள். எண் கிடைத்தால் கப்பல், கப்பல் கிடைத்தால் ஜில்லா, தாணா, ஊர். மொரிஷியஸ் என்றால் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணங்களில் புகைப்படம் கூடக் கிடைக்கும். பிரெஞ்சுத் தீவு என்றால் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் பார்க்கலாம். பாண்டியில் லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. சனி, ஞாயிறு போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வராதீர்கள், அடையாள அட்டையும் பென்சிலும் கையில் இருக்கட்டும். "தென்னாற்காடு" என்று கண்டதும் கடலூருக்கு டிக்கெட் எடுப்பது பெரிய தவறு. அந்த ஜில்லா 1993-ல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது, 2019-ல் கள்ளக்குறிச்சியும் தனியானது. திருவண்ணாமலை 1911 வரை தென்னாற்காட்டில்தான் இருந்தது. தாணாவைப் பார்க்காமல் ஊரைத் தேடினால் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு புதுப்பாளையமும் ஒரு புதுப்பேட்டையும் உங்களைச் சுற்றி அலைய விடும். ஊர் தெரிந்ததும் கிராம நிர்வாக அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். அய்யனார் கோயில் பூசாரியிடம் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். படையாச்சி என்றால் "இங்கே பாதி ஊர் அதுதான் சார்" என்பார். குலதெய்வத்தைச் சொன்னால் எந்தத் தெரு என்று கையைக் காட்டுவார்.