எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்த சூரியக் கோலம்

சேலம் அம்மாப்பேட்டை வீட்டில் அம்மா கிழமைக்கொரு கிரகக் கோலம் இடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசையறையில் அரிசி மாவால் மேல் வரிசையில் 6, 1, 8, நடுவில் 7, 5, 3, கீழே 2, 9, 4 என்று எழுதுவார். நெடுக்காகவோ குறுக்காகவோ மூலைக்கு மூலையாகவோ கூட்டினாலும் 15 வரும். சென்ற வாரம் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது, என் பக்கத்திலிருந்து அந்தச் சதுரம் 4, 9, 2 என்று தொடங்குவதைக் கவனித்தேன். 1533-இல் முழுமையாக அச்சான தம் நூலில் ஜெர்மானிய அறிஞர் அக்ரிப்பா சனிக்கு உரியதாகத் தந்த சதுரம் அதுவே.

அங்கே தொலைவில் உள்ள கிரகத்துக்கு மிகச் சிறிய சதுரம் உரியது: சனிக்கு 9 கட்டங்கள், வியாழனுக்கு 16, இப்படியே வளர்ந்து சந்திரனுக்கு 81. ரோமானியர் வழியாகச் சனி கிரேக்கரின் குரோனோசாகவும் வியாழன் அவன் மகன் சியூசாகவும் அறியப்பட்டதால், இந்த எண்களுக்குள் ஒரு தந்தை மகன் பகை வந்து அமர்ந்துகொண்டது. தன் பிள்ளையே தன்னை வீழ்த்துவான் என்று அஞ்சிய குரோனோஸ் பிறந்த குழந்தைகள் ஐவரை விழுங்கினான். ஆறாவதான சியூசுக்குப் பதிலாகத் தாய் ரேயா துணி சுற்றிய கல்லைக் கொடுத்து மகனைக் காத்தாள். சனிச் சதுரத்தின் நடுக்கட்டத்தில் 5 தவிர வேறெதுவும் அமைய முடியாது: நடுவின் வழியே செல்லும் நான்கு வரிகளின் கூட்டு 60, எல்லா எண்களின் கூட்டு 45, மிகுதியான 15 நடு எண்ணை மூன்று முறை கூடுதலாக எண்ணியதால் வந்தது. அந்த ஐந்தை விழுங்கப்பட்ட ஐவராகப் பார்ப்பது நானாகக் கட்டிக்கொண்ட இணைப்பு. ஆயினும் அதை விட மனம் வரவில்லை.

ஓவியர் ட்யூரர் 1514-இல் செதுக்கிய 'மெலன்கோலியா' படத்தில் சோர்ந்து அமர்ந்த உருவத்தின் பின்சுவரில் தொங்குவது, 34 கூட்டுத்தொகை தரும் வியாழனின் சதுரம். மனச்சோர்வு சனியின் பிடி என்று நம்பிய காலம் அது. தந்தையின் பிடிக்கு மகனின் சதுரம் மாற்றாக வைக்கப்பட்டது என்று கலை வரலாற்றாளர் விளக்கியிருக்கிறார்கள்.

நம் மரபில் சனியே சூரியனின் மகன். சூரியச் சதுரத்தின் ஒவ்வொரு எண்ணோடும் 6 கூட்டினால் 33 தரும் சனிக் கோலம் கிடைக்கிறது. அங்கே மகனின் சதுரம் வேறு, இங்கே தந்தையின் அமைப்பு அப்படியே மகனிடம் இருக்கிறது. சனிக்கிழமை அம்மா எள் விளக்கேற்றிவிட்டு 12, 7, 14 என்று தொடங்கினார். இம்முறை நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.